ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரம்: சோறு போட எதற்கு இவ்வளவு பெரிய கட்டடம்?

பட்டுக்கோட்டைக் கல்யாணத்துக்குப் போகும் வழியில் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்துவிட்டு வந்து கேட்டிருக்கிறீர்கள்: வழிப்போக்கருக்கு இலவசமாகச் சோறு போட எதற்கு அரண்மனை மாதிரி ஒரு கட்டடம், அது ராஜா தன் பெருமைக்குக் கட்டிக்கொண்டதுதானே என்று. கூடவே, ஓமலூர்ப் பக்கம் உங்கள் ஊர்ச் சாலையோரம் பாழாகிக் கிடக்கும் கல்சாவடியைச் சொல்லி, நம் சேலம் ஜில்லாவில் மட்டும் ஏன் அந்த மாதிரி ஒன்றுகூட இல்லை என்றும் கேட்கிறீர்கள். அந்தக் கட்டடத்தில் எவ்வளவு தர்மம், எவ்வளவு ஆடம்பரம் என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் சேலத்தில் பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலையில் இருப்பவன். செவ்வாய்ப்பேட்டை வீடுகள், ஏற்காட்டுத் தோட்ட பங்களாக்கள் என்று சுண்ணாம்பும் தேக்கும் செங்கல்லுமாகக் கட்டியவற்றோடுதான் பல வருடப் பழக்கம். தஞ்சைச் சத்திரங்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன். மோடி என்ற பழைய மராத்தி எழுத்துமுறையில் இருக்கும் மராட்டிய ஆவணங்களை நேராகப் படிக்க எனக்குத் தெரியாது, தமிழில் பெயர்த்து வெளியானவற்றை வைத்துத்தான் பேசுகிறேன். அதனால் வரலாற்றைச் சொல்லும்போது கொஞ்சம் எச்சரிக்கையாகவும், சுவரையும் கூரையையும் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் துணிச்சலாகவும் பேசுவேன்.

முதலில் ஐயமில்லாதது. இந்தச் சத்திரத்தைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்தவர். கட்டியது 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில். பெயருக்குரிய முக்தாம்பாள், ஊர்ப் பேச்சில் முத்தம்மாள், அவருடைய அன்புக்குரியவர், பட்டத்து ராணி அல்ல. சாகும் தறுவாயில் ‘என் பேரில் ஒரு சத்திரம் கட்ட வேண்டும்’ என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். இது வழிவழியாக வரும் செய்தி. நடந்திருக்கக்கூடியதுதான், ஆனால் கல்வெட்டு போல அடித்துச் சொல்ல மாட்டேன். அரண்மனைப் பெண்கள் பெயரில் சத்திரம் வைப்பது தஞ்சை மராட்டியரின் வழக்கம் என்பது மட்டும் உறுதி. நீடாமங்கலத்தில் இருப்பது யமுனாம்பாள் சத்திரம். இப்படி ஒரு வரிசையே தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் பாதையில் இருந்தது. காசியிலிருந்து கங்கை நீரைச் சுமந்துகொண்டு நடந்தே சேதுவுக்கு வந்தவர்களின் பாதை அது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, அப்புறம் கடலோரமாகச் சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல் என்று தெற்கே இறங்கும். நடப்பவனுக்குப் பசிக்கும் தூரத்தில் ஒரு அடுப்பு எரிய வேண்டும் என்ற கணக்கில் அமைந்த வரிசை என்றே இதைப் பார்க்கிறேன். ஒரத்தநாட்டுச் சத்திரத்தைத் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தால் ஆடம்பரமாகத்தான் தோன்றும். அந்தப் பாதையில் வைத்துப் பாருங்கள்.

உள்ளே என்ன நடந்தது என்பதற்கு நம்மிடம் இருக்கும் மிக நல்ல சாட்சி, 1801ல் சரபோஜி தஞ்சையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ரெசிடென்டுக்கு எழுதிய கடிதம். பிராமணர் முதல் பறையர் வரை, ஜோகிகள், ஜங்கமர்கள், பைராகிகள் என்ற பலவகைத் துறவிகள் உட்பட வருகிற அத்தனை பேருக்கும் சோறு உண்டு என்கிறார். சமைத்ததைச் சாப்பிடாதவருக்கு அரிசியும் சாமான்களும் பச்சையாகவே அளந்து கொடுப்பார்கள். நடுநிசி வரை பந்தி நடக்கும். அப்போது மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் உண்டா என்று கூவி அழைத்து, வந்தவருக்குப் போட்டுவிட்டுத்தான் முடிப்பார்கள். சத்திரத்துக்கு நான்கு வேதத்துக்கும் ஆசிரியர்கள், பிள்ளைகளுக்கு ஒரு உபாத்தியாயர், நோய்க்கும் வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் வைத்தியர்கள். யாத்திரையில் பெற்றோரை இழந்த குழந்தைகளை உபாத்தியாயர் பொறுப்பில் விட்டு, மூன்று வேளை சோறு போட்டு, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, படிக்க வைத்து, கல்யாணச் செலவும் சத்திரமே பார்க்கும். கைக்குழந்தைக்குப் பால். நடுவழியில் பிரசவ வலி வந்த பெண்ணுக்கு அங்கேயே பிரசவம் பார்த்து, மூன்று மாதம் தங்கிப் போகச் சொல்வார்கள். இறந்து போனவருக்கு அவரவர் முறைப்படி சடங்கு. நான் எண்ணெய்க் குளியலைச் சொல்லும் வரியில் எப்போதும் நின்றுவிடுவேன். அனாதைப் பிள்ளைக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டும் என்பது வரைக்கும் ஒரு அரசு யோசித்து வைத்திருக்கிறது.

ஆனால் இந்தக் கடிதம் எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 1799 உடன்படிக்கையில் நாட்டு நிர்வாகம் முழுக்கக் கம்பெனிக்குப் போய்விட்டது. சத்திரங்களும் அவற்றுக்கு விட்ட கிராமங்களுமாவது தன் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டுத்தான் சரபோஜி எழுதுகிறார். மன்றாடும் இடத்தில் இருப்பவர் நல்லதைச் சற்று அழுத்தித்தான் சொல்வார். அதோடு, எல்லோருக்கும் சோறு என்று சொல்லும் கடிதம், எல்லோருக்கும் ஒரே பந்தி என்று சொல்லவில்லை. அந்தக் காலத்துச் சாதி முறை சத்திரத்து வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்பட்டதாக நினைத்துவிடக் கூடாது. பசித்தவன் பசியோடு திரும்பக் கூடாது என்ற ஏற்பாடு அது. உட்காரும் இடத்தைச் சமமாக்கிய ஏற்பாடு அல்ல. இந்த இரண்டையும் மனதில் வைத்த பிறகும் கடிதத்தின் சாரத்தை நான் நம்புகிறேன். வைத்தியர், உபாத்தியாயர், சமையல்காரர் என்று ஆள்வாரியாகச் செலவு வைக்கும் கணக்குகள் மராட்டிய ஆவணங்களில் கிடைப்பது ஒரு காரணம். அந்த வேலைகளுக்கெல்லாம் இடம் கொடுக்கும்படியே கட்டடங்களும் அமைந்திருப்பது இன்னொரு காரணம்.

இப்போது கட்டடத்துக்கு வருகிறேன். இவ்வளவு பெரிதாக ஏன் என்றால், சத்திரத்துக்கு வருகிற கூட்டம் தினமும் ஒரே அளவாக இருக்காது. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குச் சேதுவுக்குப் போகிறவர்கள் சில நாட்களுக்குள் மொத்தமாக வந்து குவிவார்கள். மற்ற நாளில் பாதி இடம் காலியாகக் கிடக்கும். சாதாரண நாளை மனதில் வைத்துக் கட்டினால் அமாவாசைக்கு மக்கள் வெயிலில் நிற்பார்கள். அதனால்தான் அறைகளைவிடத் தூண் வைத்த தாழ்வாரங்களுக்குச் சத்திரங்களில் இடம் அதிகம். தாழ்வாரத்தில் காலையில் பாடம் நடக்கும், மத்தியானம் இலை விழும், ராத்திரி அதே இடத்தில் துண்டை விரித்துப் படுப்பார்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம். தென்னிந்திய வீட்டு முற்றம்தான், அளவு மட்டும் பெரிது. வெளிச்சமும் காற்றும் அதன் வழியாகத்தான் உள்ளே வரும், மழைநீரும் கூரைகளிலிருந்து அங்கேதான் இறங்கும். சமையல்கட்டைப் பின்கட்டில், கிணற்றுக்கும் களஞ்சியத்துக்கும் பக்கத்தில் தனியாக வைப்பது பொது வழக்கம். நாள் முழுக்க விறகு எரியும் இடத்துப் புகையும் சூடும் தூங்குகிறவர் பக்கம் வராமல் இருக்க வேண்டும், தீப்பிடித்தாலும் ஒரு முற்றத்தோடு நிற்க வேண்டும். வாசல் திண்ணை, கதவு சாத்திய பிறகு வந்து சேர்பவருக்கு.

தூண்களின் இடைவெளியைக் கவனித்தீர்களா? அதை நிர்ணயித்தது பெரும்பாலும் கூரைதான். மெட்ராஸ் டெர்ரஸ் என்று நம் கொத்தனார்கள் சொல்லும் முறையில் முதலில் தேக்கு உத்திரம் போட்டு, அதன் மேல் ஒன்றரை அடி இடைவெளி வாக்கில் கட்டைகளை அடுக்கி, அவற்றுக்கு மேல் மெல்லிய சின்னச் செங்கற்களை நெடுக்காக நிறுத்திச் சாய்வரிசையில் சுண்ணாம்புக் கலவையில் பதிப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்ச் சாறும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடைசியாகத் தட்டோடு என்னும் தட்டையான ஓட்டைப் பதிப்பார்கள். இந்தக் கூரை கனமானது. உத்திரம் வளையாமல் தாங்கும் தூரம் குறைவு என்பதால் தூண்கள் நெருங்கி வரும். கண்ணுக்கு அழகாகத் தெரியும் தூண்காடு உண்மையில் கனத்தைப் பங்கு போடும் ஏற்பாடு. அதன் மேல் மராட்டியர் காலத்து ரசனை ஏறியிருக்கிறது: தூண்களில் வேலைப்பாடு, பல மடிப்பாக வளையும் வளைவுகள், சுதை வேலை. ஆடம்பரம் என்று சொல்ல வேண்டுமானால் இந்த மேல்பூச்சைத்தான் சொல்லலாம், எலும்புக்கூட்டைச் சொல்ல முடியாது.

உங்களை நிறுத்திப் பார்க்க வைத்த அந்த முகப்பு மட்டும் வேறு கதை. யானைகளும் குதிரைகளும் இழுக்கும் தேரைப் போல அதைச் செய்திருக்கிறார்கள். கட்டடத்தைத் தேராக்குவது சோழ நாட்டில் பழைய பழக்கம். 12ஆம் நூற்றாண்டில் தாராசுரத்து ராஜகம்பீர மண்டபத்துக்குச் சக்கரமும் குதிரையும் வைத்தார்கள். கும்பகோணம் சாரங்கபாணி கோயில் கருவறையும் அப்படித்தான். அதுவரை தேர் வடிவம் கிடைத்ததெல்லாம் கடவுளின் இருப்பிடத்துக்கு. அதைச் சோற்றுக்கூடத்தின் முகப்பில் கொண்டுவந்து வைத்தது பெரிய துணிச்சல் என்று நான் நினைக்கிறேன். சரபோஜி என்ன நினைத்துச் செய்தார் என்று எழுதி வைத்த ஆவணத்தை நான் பார்த்ததில்லை, இது என் வாசிப்பு. மொழி தெரியாத ஊரில் இருட்டும் நேரத்தில் வந்து சேரும் வடநாட்டு யாத்ரிகனுக்கு, இது தனியார் வீடு அல்ல, தான் உள்ளே போகலாம் என்று கட்டடமே சொல்ல வேண்டும். ராஜாவின் பெருமையும் அதில் இருந்தது. இல்லை என்று நான் வாதாட மாட்டேன்.

இதே கேள்வியை வைத்துக்கொண்டு வேறொரு தேசத்தைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் போன் என்றொரு நகரம். நூறாண்டுப் போர் ஊரையே வறுமையில் தள்ளியிருந்தபோது, அந்நாட்டுப் பிரபுவின் முதன்மை அமைச்சர் நிக்கோலா ரோலனும் அவர் மனைவியும் சேர்ந்து 1443ல் ஏழை நோயாளிகளுக்கென்று ஒரு தர்ம மருத்துவமனையை நிறுவினார்கள். 1452ல் முதல் நோயாளிகள் வந்தார்கள். ஏழைகளின் கூடம் மட்டுமே சுமார் 50 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம். கவிழ்த்த கப்பல் போன்ற மரக்கூரை. இரண்டு பக்கமும் கட்டில்கள், கூடத்தின் ஒரு கோடியிலேயே தேவாலயம், படுத்தபடியே பூசையைப் பார்க்கலாம். எனக்கு அங்கே மிகவும் பிடித்தது வேறொன்று. தெருப் பக்கம் கூரை சாம்பல் நிறப் பலகைக்கல், ஒரு அலங்காரமும் இல்லை. முற்றத்துப் பக்கம் திரும்பினால் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பளபளக்கும் ஓடுகள். அழகை நோயாளி பார்க்கும் பக்கம் வைத்திருக்கிறார்கள். ஒரத்தநாட்டில் அழகு நடந்து வருபவனை நோக்கி இருக்கிறது. இரண்டு இடத்திலும் அது யாருக்காக என்று யோசித்து வைக்கப்பட்டிருக்கிறது.

போன் நகரத்தை இழுத்து வந்ததற்கு முக்கியமான காரணம் பணம். அந்த மருத்துவமனைக்கு ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகத் திராட்சைத் தோட்டங்களை எழுதி வைத்தார்கள். 1859 முதல் அந்தத் தோட்டங்களின் ஒயினை ஏலம் விடுகிறார்கள், இன்றும் நவம்பர் மாதத்தில் நடக்கிறது. பழைய கட்டடத்தில் 1971 வரை நோயாளிகள் இருந்தார்கள். பிறகு புது மருத்துவமனைக்குப் போனார்கள், ஆனால் தோட்டத்து வருமானம் மருத்துவத்தையும் பழைய கட்டடத்தையும் விட்டுப் போகவில்லை. தஞ்சையிலும் மூலதனம் நிலம்தான். சத்திரத்தின் பேரில் கிராமங்களையே விட்டிருந்தார்கள். அந்த நெல்தான் சோறானது, வைத்தியர் சம்பளமானது, மழைக்கு முன் கூரைக்கு அடிக்கும் சுண்ணாம்பானது. ஒருமுறை கட்டி முடிப்பது சின்னச் செலவு. ஆண்டாண்டுக்கும் கிராம வருமானத்தைப் பிறருடைய பசிக்கு ஒதுக்குவதுதான் பெரிய செலவு. நீங்கள் கேட்ட ஆடம்பரக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், முகப்புக்கு ஆன காசு இந்த நிலத்துக்கு முன்னால் மிகச் சிறியது. பெருமைக்காக மட்டும் கட்டுகிறவன் கிராமங்களை எழுதி வைக்க மாட்டான்.

1855ல் சரபோஜியின் மகன் சிவாஜி மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்து ராஜ்ஜியம் கம்பெனியிடம் போனதும் சத்திரங்களும் அரசாங்கத்தின் கைக்குப் போயின, பின்னர் உள்ளாட்சி அமைப்புகளிடம். வருமானத்தில் ஒரு பகுதி பள்ளிகளுக்கும் மருத்துவத்துக்கும் திரும்பியது. அது கெட்ட காரியம் அல்ல, சத்திரத்துக்குள்ளேயே அவை இரண்டும் இருந்தவைதான். அப்புறம் ரயில் வந்தது. 1860களில் தஞ்சாவூரைத் தொட்டது, 1914ல் பாம்பன் பாலம் திறந்தது. காசியில் ஏறியவன் சேதுவில் இறங்கலாம் என்றான பிறகு ஒரத்தநாட்டு அடுப்புக்கு வேலை குறைந்தது. கட்டடம் பள்ளியாகவும் மாணவர் விடுதியாகவும் பயன்பட்டது. நிலத்து வருமானம் கட்டடத்தின் பராமரிப்போடு இருந்த நேரடித் தொடர்பை இழந்ததுதான், என் பார்வையில், மழையைவிட அதைச் சேதப்படுத்தியது. மெட்ராஸ் டெர்ரஸ் கூரையில் ஒரு தட்டோடு விரிசல் விட்டால் ஒரே பருவத்தில் தண்ணீர் உத்திரத்தின் முனையைத் தொடும். சுவருக்குள் புதைந்த அந்த முனை வெளியே தெரியாமல் உளுத்துப் போகும். ஆண்டுக்கொருமுறை ஒரு ஆள் ஏறிப் பார்த்தால் போதும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

சரி, சேலத்துக்கு வருவோம். இங்கே ஏன் இல்லை? முதல் காரணம், அவ்வளவு நீண்ட காலம் ஒரே அரச குடும்பம் இங்கே உட்காரவில்லை. மதுரை நாயக்கர், தாரமங்கலத்துக் கெட்டி முதலிகள், பிறகு மைசூர், ஹைதர், திப்பு என்று கை மாறிக்கொண்டே இருந்து, 1792ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் கம்பெனியிடம் போனது. வந்த உடனே கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும், உதவியாக தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி போடும் வேலையில் இறங்கினார்கள். சரபோஜி சத்திரம் கட்டிய அதே காலத்தில் நமக்கு நடந்தது இதுதான். இரண்டாவது, நெல். டெல்டாவில் ஒரு கிராமத்தை எழுதி வைத்தால் வருடம் முழுக்கச் சோறு போடலாம். நம் மானாவாரிக் காட்டில் கேழ்வரகும் சோளமும் மழையை நம்பி விளைந்தவை. உபரி குறைவு. மூன்றாவது, சேதுப் பாதையைப் போல யாத்ரிகர் வெள்ளமாக வரும் பாதை நம்முடையது அல்ல. தொப்பூர், மஞ்சவாடிக் கணவாய்கள் வழியாக வந்துபோனதில் வணிகப் பொதிகளும் படைகளும்தான் அதிகம். இந்த மூன்றில் முதலாவது வரலாறு, மற்ற இரண்டும் என் ஊகம்.

அதற்காக நம் பக்கம் ஈரம் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊர்ச் சாவடி அந்த வேலையைச் சின்ன அளவில் செய்தது. மகுடஞ்சாவடி என்று ஊர்ப் பெயரிலேயே சாவடி ஒட்டிக்கொண்டிருப்பதை நீங்கள் தினமும் பஸ் பலகையில் பார்ப்பீர்கள். அடுத்த முறை உங்கள் சாவடிக்குப் போகும்போது சுற்றிலும் சுமைதாங்கிக் கல் இருக்கிறதா என்று பாருங்கள்: இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைத்தது, தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கி ஏற்றும் உயரத்தில். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் அதை நடுவது தமிழ்நாடெங்கும் இருந்த வழக்கம். தஞ்சாவூர் ராஜா முக்தாம்பாளுக்குச் செய்ததை ஒரு குடியானவன் தன் சக்திக்கு ஏற்ப மூன்று கல்லில் செய்தான். சில சுமைதாங்கிகளில் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கும். எழுத்து இருந்தால் அதில் பெயின்ட் அடிக்கவோ சுரண்டவோ விடாதீர்கள். காலை அல்லது சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும்.

சாவடியைச் செப்பனிட ஊரில் பேச்சு வந்தால் ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் சொல்லுங்கள், சிமென்ட் பூச வேண்டாம். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்துக்கொண்டு வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூச்சு அதை உள்ளேயே அடைத்துவிடும். வெளியேற வழியில்லாத ஈரம் செங்கல்லை மாவாக்கும், பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். ஏற்காட்டு மழையில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் இருக்கிற ஜில்லா இது, நல்ல சுண்ணாம்பு கிடைக்காமல் போகாது. முதலில் கூரை மேல் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்காமல் வெட்டி, வேருக்கு மருந்து வைத்துப் பட்டுப்போக விடுங்கள். பச்சையாக இழுத்தால் கல்லும் கூடவே வரும். அதற்குப் பிறகு கூரை ஒழுகும் இடத்தை அடைத்துவிடுங்கள். சுவருக்கும் தரைக்கும் கை வைப்பது அதற்கு அப்புறம்தான். படங்களை இங்கேயே போட்டால் கல்லையும் கலவையையும் பார்த்து, எங்கே ஆரம்பிக்கலாம் என்று சொல்கிறேன்.